இரண்டு முறை கழித்த சேறு

பசறை வாசகசாலைக்காரர்கள் தங்கள் மலருக்கு என்னிடம் கேட்டது ஒரு வெற்றிக் கதை. "தோட்டத்து லயத்துல பொறந்து ஒலகத்துலயே வேகமான காருக்கு வேல செஞ்சிருக்கீங்க, அத எழுதித் தாங்க மேடம். ரெண்டு பக்கம் போதும், ஒரு போட்டோவும் வேணும்" என்றார்கள். நானும் இன்று நாளை என்று ஆறு மாதம் கடத்தினேன். இப்போது எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேட்ட கதை, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு என் கையை விட்டுப் போய்விட்டது. மிச்சம் இருப்பதைத்தான் தர முடியும். போட்டோ வேண்டாம்.

படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். நமுனுகுல மலைப்பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தேன். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தார். பள்ளிக்கூட விடுமுறை விட்டால் நானும் பறித்தேன், உயர்தரப் பரீட்சை எழுதும் வரைக்கும். பதுளையில் படிப்பு, பிறகு பல்கலைக்கழகம், பிறகு இங்கிலாந்துக்கு ஒரு புலமைப்பரிசில். அங்கே வண்டியின் மேல் காற்றை அடித்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் வைத்திருந்த ஒரு சிறு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். தரையில் ஓடும் வண்டிகளின் வேகச் சாதனையை முறியடிப்பது மட்டுமே அந்தப் பட்டறையின் வேலை. வருடம் முழுவதும் ஒரே ஒரு வண்டி. ஜெட் எஞ்சின், அலுமினியச் சக்கரம், உள்ளே ஒரே ஒரு மனிதர்.

காற்றியக்கவியல் என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். அவ்வளவு வேகத்தில் ஓடும் கார் விமானமாக மாறப் பார்க்கும். மூக்கின் பாரம் குறைந்தால் வண்டி மேலே கிளம்பிவிடும். கூடினால் முன்சக்கரம் நிலத்தைத் தோண்டும், பின்பக்கம் அலையும். இரண்டுக்கும் நடுவில் சின்னதாக ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் மேலதிகாரி லாம்பர்ட். ஒல்லியான, உயரமான மனிதர். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யாராவது "ஏறத்தாழ" என்று வாயெடுத்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏறத்தாழ என்றால் எத்தனை?" என்பார். குரலை உயர்த்தியதே இல்லை. கோபம் வந்தால் நாம் கொடுத்த தாளை எடுத்து மேசையில் குப்புறக் கவிழ்த்து வைப்பார், அவ்வளவுதான். அதற்கு நான் நடுங்கினேன். தோட்டத்தில் அதிகாரியைக் கூப்பிடுகிற மாதிரி அவரையும் மனதுக்குள் துரை என்றே கூப்பிட்டேன், பழக்கதோஷம்.

அவரிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு பொறியாளர்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு சீட்டில் ஓர் எண்ணை எழுத வேண்டும்: உச்ச வேகத்தில் முன்சக்கரங்களின் மேல் எத்தனை கிலோ இருக்கும். எழுதி, கையெழுத்துப் போட்டு, மடித்து டின்னில் போட வேண்டும். ஓட்டம் முடிந்ததும் துரை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பார். யாருடைய எண் சரிக்குக் கிட்ட வருகிறதோ அவர்தான் அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் போட வேண்டும். தேயிலைக் காட்டிலிருந்து தப்பி வந்தவள் நான், மாதத்தில் பாதி நாள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

ஓட்டுநருக்குச் சீட்டுக் கிடையாது. "அவர் தலையில் எண்ணை ஏற்றக் கூடாது. அவர் ஓட்டட்டும்" என்பார் துரை. எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஓட்டுநர் பெயர் கென். வாயாடி. வண்டிக்குள் இறங்கும் முன்பு என்னைப் பார்த்து, "பாக்கியம், இன்றைக்கு நான் ஓடப் போகிறேனா, பறக்கப் போகிறேனா?" என்று கேட்பார். "ஓடத்தான்" என்பேன். அந்த ஒரு வார்த்தையை வாங்காமல் அவர் உள்ளே இறங்கியதே இல்லை.

சாதனைக்காக அமெரிக்காவில் வறண்டு கிடந்த ஏரி ஒன்றுக்குப் போனோம். நாங்கள் போன பருவத்தில் மழை முந்திவிட்டது. மேலே காய்ந்த பொருக்கு, கீழே ஈரம். வண்டி ஓடினால் சேறு தெறித்து மூக்கின் அடியில் அப்பிக்கொள்ளும். முன்சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைச் சொல்லும் கருவி அந்தச் சேற்றையும் சேர்த்தே சொல்லும். காற்று எவ்வளவு அழுத்துகிறது என்று தெரிய வேண்டுமானால் சேற்றைக் கழிக்க வேண்டும். முதல் நாளே நான் ஒரு வாளியும் தராசும் கேட்டு வாங்கி, சேற்றைச் சுரண்டி நிறுத்தேன். இரண்டு சீமெந்து மூட்டைக்குக் கிட்ட வந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை.

"இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள், மிஸ் பாக்கியம்?"

"கொழுந்து மடுவத்தில்."

மடுவம் என்பது தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. பெண்கள் சாக்கைத் தராசில் தொங்கவிடுவார்கள். முள் எதைக் காட்டினாலும் கணக்கப்பிள்ளை அதை அப்படியே எழுத மாட்டார். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று இரண்டு கிலோ வெட்டிவிட்டுத்தான் எழுதுவார். என் தலைமுறைப் பிள்ளைகள் எண்ணப் பழகியதே அப்படித்தான். தராசு இருபது என்றால் எங்கள் மனது தானாகவே பதினெட்டு என்று சொல்லும். இதைத் துரையிடம் விளக்கினேன். தலையாட்டிவிட்டு, அட்டவணையில் தன் கையாலேயே புதிதாக ஒரு கட்டம் போட்டார்: சேற்றுக் கழிவு. அம்மாவின் மடுவம் அமெரிக்கா வரைக்கும் வந்துவிட்டது என்று அன்று எனக்குக் கண் கலங்கியது.

இனி அந்த நாள். சாதனை என்று ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு திசையிலும் ஓட வேண்டும். முதல் ஓட்டம் அருமையாக முடிந்தது. வண்டியைத் திருப்பி நிறுத்தி எரிபொருள் ஊற்றினார்கள். சேற்றைச் சுரண்ட நேரமில்லை. கருவிக்காரர் அளவுத் தாளை அச்சடித்து என் கையில் தந்தார். குனிந்து மூக்கின் அடியைப் பார்த்தேன். வழக்கமான அளவுச் சேறு. வழக்கமான கழிவைக் கழித்தேன். முந்திய மெதுவான ஓட்டங்களிலும் விடை கொஞ்சம் இலேசாக வந்திருந்தது, அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது முழு வேகத்திலும் நான் எதிர்பார்த்ததைவிட மூக்கு இலேசாக இருந்தது. இன்னும் வேகம் கூடினால் கென் பறப்பார்.

துரையிடம் ஓடினேன். "நிச்சயமா?" என்றார். "நிச்சயம்" என்றேன். மூக்கில் இருந்த சிறு சிறகை, அதைப் பிடித்திருக்கும் பற்சக்கரத்தில் இரண்டு பல் கீழே சாய்க்கச் சொன்னேன், காற்று மூக்கை நன்றாக அழுத்தட்டும் என்று. சாய்த்தார்கள். சீட்டு எழுதி டின்னில் போட்டேன். கென் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

வண்டி எங்களைக் கடந்தபோது நேராகத்தான் இருந்தது. நான்காம் மைலுக்கு அப்பால் தூசியின் வால் வளைந்தது. பிறகு அந்த வால் அறுந்துபோயிற்று. எங்கும் ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து சத்தம் வந்து சேர நேரமெடுத்தது. அது வந்து சேர்ந்தபோது நான் டின்னின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த டின்னை அன்று யாரும் திறக்கவில்லை.

கென் பிழைத்தார். இடுப்பும் வலது காலும் நொறுங்கிவிட்டன. பிறகு அவர் சாதாரணக் காரைக்கூட ஓட்டவில்லை. விசாரணைக்கு என் அட்டவணையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதன்படி முன்பாரம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஆகவே, வண்டி விலகத் தொடங்கியபோது ஓட்டுநர் தாமதமாகத் திருப்பினார் என்று எழுதி முடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். கென் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வண்டியைக் கெடுத்துவிட்டேன், மன்னித்துவிடு" என்றார். "பரவாயில்லை கென்" என்றேன். அப்படியே சொன்னேன். பரவாயில்லை என்று.

அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அதே துறையில் வேலை செய்தேன். துரை காலமானார். நான் ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பி, பதுளையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறேன். போன மாதம், அந்தச் செவ்வாய்க்கு முந்திய திங்கட்கிழமை, இங்கிலாந்திலிருந்து எமிலி என்ற பெண் மின்னஞ்சல் அனுப்பினாள். பழைய பட்டறையின் வழி வந்தவர்கள் ஒரு புது வண்டி செய்திருக்கிறார்கள். அதற்குப் பொறியாளர் அவள்தான். இப்போது காற்றுச் சுரங்கமெல்லாம் பெயருக்குத்தான். எல்லாவற்றையும் கணினியே செய்கிறது. கணினி சரியா என்று பார்க்க எங்கள் பழைய அளவுகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். எல்லாம் பொருந்துகிறது, கடைசி நான்கு ஓட்டங்களில் மட்டும் பொருந்தவில்லை. அந்த நான்கிலும் கணினி சொல்லும் முன்பாரம் எங்கள் அட்டவணையைவிடக் கூடுதல். "நேரில் அளந்தது நீங்கள். அதனால் கணினியை உங்கள் எண்ணுக்கு ஏற்றபடி திருத்தி, மூக்குச் சிறகையும் அதற்கேற்ப வைத்துவிட்டோம். மூன்று வாரத்தில் ஓட்டம். சரிதானே?" என்று கேட்டிருந்தாள்.

எனக்கு மனது குளிர்ந்துவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கணினியை என் வாளி தோற்கடித்துவிட்டது அல்லவா. செவ்வாய் காலை எழுந்து, "என் எண்ணை நம்பு. உன் கணினி சேற்றைப் பார்த்ததில்லை" என்று பதில் எழுதினேன். எழுதிவிட்டுச் சிரித்தபடி பஸ் ஏறினேன்.

நமுனுகுலயில் தம்பி மகள் புஷ்பா இருக்கிறாள், கொழுந்து பறிக்கிறாள். அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் கொண்டுபோனேன். மலையில் இருப்பாள், மடுவத்துக்கு வரும்போது கொடுக்கலாம் என்று அங்கேயே போய் நின்றேன். முள் தராசு இல்லை. இப்போது எண் காட்டும் மின்தராசு. நிறுப்பவர் முதலில் ஒரு வெறும் சாக்கை மேலே வைத்து ஒரு பொத்தானை அமுக்கினார். எண் பூச்சியத்துக்கு வந்தது. பிறகு நிறுக்கத் தொடங்கினார். புஷ்பாவின் முறை வந்தது. பதினேழு என்று காட்டியது. அவர் பதினைந்து என்று எழுதினார்.

"ஏங்க, பதினேழு காட்டுதுல்ல?" என்றாள் புஷ்பா.

"ரெண்டு வெட்டு. சாக்குக்கும் தண்ணிக்கும். புதுசா கேக்குற?"

"சாக்க மொதல்லயே வச்சு சைபராக்கிட்டீங்களே. நனஞ்ச சாக்குதானே வச்சீங்க. பொறவு என்னத்துக்கு மறுபடி வெட்டுறீங்க?"

நிறுப்பவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தார். கெட்டவர் இல்லை. அப்படி ஒரு கேள்வி அவர் காதில் அதுவரை விழுந்ததில்லை, அவ்வளவுதான். "எப்பவும் வெட்டுறதுதான் புள்ள. அதெல்லாம் மேல கேளு. அடுத்த ஆள் வாங்க" என்றார்.

புஷ்பா, "அத்தை, என்னா அத்தை, ஒக்காருங்க" என்று தோளைப் பிடித்தது தெரிந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் என் கையில் இருந்த அந்த அளவுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் தலைப்பில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அது என்ன வரி என்று எனக்குத் தெரியும். தெரிந்துவிட்டது.

ஸ்வெட்டரைக் கொடுத்தேனா என்றுகூட ஞாபகமில்லை. பதுளைக்கு வரும் பஸ் வளைவுக்கு வளைவு நின்று நின்று வந்தது. மாடியில் பெட்டியைக் குடைந்து அந்த வருடத்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். விபத்துக்கு மூன்று நாள் முந்திய பக்கம். என் கையெழுத்து, நீல மை: "காலைக் கூட்டம். வெயிலில் கருவி பிசகுகிறது. இன்றிலிருந்து ஓட்டம் முடிந்து வண்டி நின்ற நிலையே, சேறோடு, பூச்சியம்." கீழே கோடும் போட்டிருக்கிறேன். கருவிக்காரர் சேற்றை முதலிலேயே கழித்துத்தான் தாளைத் தந்திருக்கிறார், தாளின் தலைப்பில் இருந்த வரியும் அதைத்தான் சொன்னது. அதை நானே எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு வந்த நான்கு ஓட்டத்துக்கும் மறுபடி கழித்திருக்கிறேன். மூக்கு இலேசாக இருக்கவே இல்லை. சரியான இடத்தில் இருந்த மூக்கை இரண்டு பல் அழுத்தி ஈர நிலத்துக்குள் செருகியவள் நான்.

துரைக்குத் தோன்றவில்லையா, கருவிக்காரருக்குத் தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கட்டம் என் கட்டம். நான்தான் சேற்றுக்கு நிபுணி. நான் "நிச்சயம்" என்றேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூடுதலாகக் கழித்தால் அது பாதுகாப்பான பக்கம் என்ற நினைப்பு எனக்குள் ஊறிக் கிடந்தது. தோட்டத்தில் வெட்டு எப்போதும் கணக்கு எழுதுகிறவருக்குப் பாதுகாப்பு. அந்த வண்டிக்கு அப்படி ஒரு பக்கமே கிடையாது. நான் செய்த வேலையே அதுதான், அது எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை.

அன்று காலை நான் அனுப்பிய மின்னஞ்சலை எடுத்து மறுபடி படித்தேன். என் எண்ணை நம்பு. மூன்று வாரத்தில் இன்னொரு ஆள் அந்த எண்ணின் மேல் உட்காரப் போகிறார். எழுதிக்கொண்டிருக்கப் பொறுமையில்லை, எமிலிக்குப் போன் போட்டேன். அங்கே அப்போதுதான் வேலை தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "நான்கு ஓட்டமும்தானா? நிச்சயமா?" என்றாள். துரை அன்று கேட்ட அதே சொல். நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, "நான் சொல்வதை நம்பாதே. நீயே பார்த்துக்கொள்" என்றேன். இரண்டு நாளில் பதில் வந்தது. சேற்றைத் திருப்பிக் கூட்டினால் நான்கும் கணினியோடு அப்படியே பொருந்துகின்றன. சிறகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஓட்டத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்கும் இடம் இது. எனக்கு இன்னும் ஒரு போன் பாக்கி இருந்தது.

மூன்று நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நான்காம் நாள் பின்னேரம் கூப்பிட்டேன். கென்னுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் அதே வாயாடிக் குரல். அங்கே மழை, இங்கே வெயில் என்று பேச விட்டேன். பிறகு சொன்னேன். வாளி, கட்டம், நீல மை, இரண்டு பல், ஒன்றையும் விடாமல் சொன்னேன். நீங்கள் தாமதமாகத் திருப்பவில்லை கென், எவ்வளவு சீக்கிரம் திருப்பியிருந்தாலும் அந்த வண்டி திரும்பியிருக்காது என்றேன். அன்று ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் கேட்டதை நான் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்றேன். அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பரவாயில்லை என்பார் என்றும் பயந்தேன். இரண்டும் இல்லை.

"இரண்டு பல்லா?" என்றார்.

"இரண்டு பல்."

"மூக்குப் பாரமாக இருந்தது பாக்கியம். இரண்டாம் மைலிலேயே எனக்குத் தெரிந்தது. ஸ்டியரிங் கையில் கல் மாதிரி இருந்தது."

"அப்படியானால் ஏன் வேகமிதியிலிருந்து காலை எடுக்கவில்லை?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"நான் ஓடத்தான் போகிறேன் என்று நீ சொன்னாயே. கணக்குப் போட்டவளுக்குத் தெரியாததா என் கைக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். பிறகு விசாரணையிலும் நான் எப்போது திருப்பினேன் என்று மட்டும்தான் கேட்டார்கள். மூக்கு எப்படி இருந்தது என்று யாருமே கேட்கவில்லை."

பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்குத்தான் சீட்டே தரவில்லையே" என்றார்.

எமிலிக்கு அன்றே இன்னொரு மின்னஞ்சல் எழுதினேன். அவர்களும் ஒரு டின் வைத்திருக்கிறார்களாம், துரையின் ஞாபகமாக. ஓட்டம் தொடங்கும் முன்பு ஓட்டுநரைக் கூப்பிட்டு அவர் கையிலும் ஒரு சீட்டும் பென்சிலும் கொடு என்று எழுதினேன். ஓட்டம் முடிந்ததும் அவருடைய சீட்டை முதலில் பிரி என்றும் எழுதினேன்.